திரை மாதிரி வரைய எந்தக் கருவி? டிசைனர் இல்லாத சின்னக் குழுவுக்கு ஆலோசனை தேவை

புதுத்திரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் இரண்டு டெவலப்பர், ஒரு டெஸ்டர். டிசைனர் என்று தனியாக ஆள் கிடையாது. ஒரு கிடங்குக்கான சரக்கு இருப்பு மென்பொருள் இப்போது கையில் இருக்கிறது. வந்த சரக்கைப் பதிவது, இருப்பைத் தேடுவது, ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு மாற்றுவது, மேலாளர் ஒப்புதல் தருவது என்று முப்பது திரைக்கு மேல் வரும். கிடங்கில் இருப்பவர்கள் கைபேசியில் பார்ப்பார்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் கணினியில்.

இதுவரை ஸ்லைடு மென்பொருளில்தான் பெட்டி பெட்டியாகப் போட்டுக் காட்டி வந்தோம். பத்துத் திரை வரைக்கும் அது தாங்கியது. இப்போது மெனுவில் ஒன்றைக் கூட்டினால் எல்லா ஸ்லைடிலும் போய்த் திருத்த வேண்டியிருக்கிறது. மாஸ்டர் ஸ்லைடு வைத்தாலும், திரைக்குத் திரை கொஞ்சம் மாறும் இடங்களில் அது கைகொடுப்பதில்லை.

தேடினால் பால்சாமிக், ஃபிக்மா, பென்பாட், ஆக்ஷூர், எக்ஸ்காலிட்ரா, பென்சில் என்று பட்டியல் நீள்கிறது. அவரவர் பயன்படுத்துவதே சிறந்தது என்று அவரவர் சொல்கிறார்கள். எங்கள் நிலைமை இதுதான்: ஒருவர் லினக்ஸ், மற்ற இருவர் விண்டோஸ். திரைகளின் படம் எதுவும் வெளி சர்வருக்குப் போகக் கூடாது என்று வாடிக்கையாளர் எழுதியே கொடுத்திருக்கிறார். பார்த்துக் கருத்துச் சொல்லப் போகிறவர்கள் கிடங்கு ஊழியர்கள், புதிதாக ஒரு மென்பொருளைக் கற்றுக்கொள்ளச் சொல்ல முடியாது. எதை எடுக்கலாம்? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


வரைபலகை எழுதியது:

கருவியின் பெயருக்கு முன்னால் ஒன்று. இந்தப் படத்தைக் காட்டி எந்தக் கேள்விக்கு விடை வாங்கப் போகிறீர்கள்? அதைப் பொறுத்துத்தான் கருவி. "இந்தத் திரையில் என்னென்ன இருக்க வேண்டும், எது முதலில் வர வேண்டும்" என்பது ஒரு கேள்வி. "புதிதாக வந்த ஒருவர் யாரையும் கேட்காமல் சரக்கைப் பதிந்து முடிப்பாரா" என்பது இன்னொன்று. "இடைவெளி எவ்வளவு, எழுத்து எவ்வளவு பெரியது, நிறம் என்ன" என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே படத்தை வைத்துக் கேட்கும்போதுதான் கூட்டம் இழுத்துக்கொண்டே போகிறது.

முதல் கேள்விக்குப் படம் கரடுமுரடாக இருப்பதே நல்லது. 2008-இல் வந்த பால்சாமிக் இன்று வரை கையால் கிறுக்கியது போன்ற கோடுகளை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். வழவழப்பான படத்தைக் காட்டினால், பார்க்கிறவர் பட்டனின் நீலத்தைப் பற்றிப் பேசுவார். கோணல் கோட்டைக் காட்டினால், "லாட் எண் (ஒரே தொகுதியாக வந்த சரக்கின் எண்) எங்கே காணோம்?" என்று கேட்பார். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது பேச்சு. முடிவான படம் போலத் தெரிந்தால், மாற்றச் சொல்லவே பலருக்குக் கூச்சம் வந்துவிடும், குறிப்பாக எதிரே உட்கார்ந்திருப்பவரே வரைந்தவர் என்று தெரிந்தால்.

வரைகிறவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. அரை மணி நேரம் நிழலும் வளைவும் போட்டுச் செதுக்கிய திரையைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. நிறமே கொடுக்க முடியாத கருவியில் ஒரே திரைக்கு நாலு விதமாக வரைந்து பார்ப்பீர்கள். ஒன்றைக்கூடக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றாது. முப்பது திரையில் உண்மையில் யோசிக்க வேண்டியவை ஐந்தாறுதான் இருக்கும். அவற்றுக்கு இந்த நாலு விதம் மிக முக்கியம். மற்றவை பட்டியல், படிவம், விவரம் என்று ஒரே அச்சில் வரும்.

ஆகவே என் பரிந்துரை: முதல் சுற்றுக்கு ஒரு கருவி, கிளிக் செய்து நகரும் மாதிரிக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே கருவி செய்ய வேண்டும் என்ற ஆசையை விட்டால் தேர்வு எளிதாகும்.


தாளும்பென்சிலும் எழுதியது:

முதல் சுற்றுக்குக் கருவியே வேண்டாம் என்பேன். ஏ4 தாள், கறுப்புப் பேனா, ஒட்டுச்சீட்டு, கத்தரிக்கோல் போதும். இதை வெறும் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. காகிதத்தில் செய்யும்போது கிடைக்கும் தகவல் வேறு எதிலும் அவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை.

செய்முறை சொல்கிறேன். திரை ஒவ்வொன்றும் ஒரு தாள். டிராப்டவுன் வேண்டுமா, தாளில் இரண்டு கீறல் போட்டு நீளமான ஒரு துண்டை அதில் செருகுங்கள். இழுத்தால் பட்டியல் இறங்கும். எச்சரிக்கைச் செய்தி எல்லாம் தனித்தனி ஒட்டுச்சீட்டு. குழுவில் ஒருவர் கணினியாக இருக்க வேண்டும். அவர் வாயைத் திறக்கக் கூடாது. பயன்படுத்துகிறவர் விரலால் எதைத் தொடுகிறாரோ, அதற்கு உரிய தாளை எடுத்து வைப்பது மட்டும் அவர் வேலை. இன்னொருவர் குறிப்பெடுக்கட்டும்.

உங்களைப் போலவே ஒரு சரக்குப் பதிவுத் திரையை இப்படிச் சோதித்த கதை ஒன்று. ஊழியர் பொருளின் பெயரை எழுதினார், எண்ணிக்கையை எழுதினார், "சேமி"யைத் தொட்டார். கணினியாக இருந்தவர் "பதிவு முடிந்தது" என்ற சீட்டை வைத்துவிட்டு முதல் பக்கத் தாளைப் போட்டார். ஊழியரின் விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் கையில் இருந்த விலைப்பட்டியலில் இன்னும் பல பொருள்கள் பாக்கி. ஒவ்வொன்றுக்கும் முதல் பக்கத்திலிருந்து வர வேண்டுமா என்று கேட்டார். ஒரு பில்லில் பல பொருள் வரும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் திரையை வரைந்தபோது ஒருவர் மனதிலும் அது இல்லை. அங்கேயே ஒரு ஒட்டுச்சீட்டைக் கிழித்து "சேமித்து அடுத்தது" என்று எழுதி ஒட்டினோம். அவர் அடுத்த பொருளை எழுத ஆரம்பித்துவிட்டார்.

இதில் தெரியாதவையும் உண்டு. ஸ்க்ரோல் எவ்வளவு நீளும், தட்டச்சு எவ்வளவு எரிச்சல் தரும், ஒரு கையால் கைபேசியைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரல் எட்டுமா என்பதெல்லாம் காகிதத்தில் தெரியாது. தூரத்தில் இருப்பவரோடும் செய்வது கஷ்டம். அந்த இடத்தில் கணினிக்குப் போங்கள்.


நிரல்வழி எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்று. குழுவில் இரண்டு டெவலப்பர் இருக்கிறார்கள், டிசைனர் இல்லை. அப்புறம் எதற்கு வரைகருவி? நேராக எச்டிஎம்எல், அதாவது பிரவுசரில் திறக்கும் வலைப்பக்கமாகவே எழுதுங்கள். சாம்பல் நிறம், ஒரே எழுத்துரு, ஓரக்கோடு மட்டும் வைத்து, தோற்றத்தைச் சொல்லும் ஒரு சின்ன சிஎஸ்எஸ் கோப்பு. மெனுவை ஒரு துண்டாக வைத்துக்கொண்டால் நீங்கள் சொன்ன "எல்லா ஸ்லைடிலும் திருத்தும்" வேலையே இல்லை. இணைப்புகள் தாமாக வேலை செய்யும். கைபேசியில் திறந்தால் நிஜ அளவில் தெரியும். டேப் விசையை அழுத்தினால் எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்பதும் தெரியும். எந்த வரைகருவியும் இதை இவ்வளவு ஒழுங்காகக் காட்டாது.

கோப்பு எங்கும் போகாது, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் உங்கள் கிட் களஞ்சியத்திலேயே இருக்கும். லைசென்ஸ் பிரச்சினையும் இல்லை. கையால் வரைந்த தோற்றம்தான் வேண்டும் என்றால் ரஃப்.ஜேஎஸ் என்ற நூலகம் இருக்கிறது, எக்ஸ்காலிட்ராவின் கோணல் கோடுகளும் அதை வைத்துத்தான் வருகின்றன.


சோதனைக்கண் எழுதியது:

நிரல்வழி சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. மீதிப் பாதியில் பயம் இருக்கிறது. பிரவுசரில் ஓடுகிற ஒன்றைக் காட்டினால், "முடிந்துவிட்டதே, அடுத்த வாரம் தந்துவிடலாமா?" என்றுதான் கேட்பார்கள். பின்னால் தரவுத்தளமே இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கண் பார்த்ததைத்தான் மனம் நம்பும். இன்னொன்று, டெவலப்பர் நிரலில் மாதிரி செய்யும்போது கையிலிருக்கும் ஃபிரேம்வொர்க்கில் (தயார்நிலை நிரல் தொகுப்பில்) எந்தக் கூறு தயாராக இருக்கிறதோ அதையே எடுத்து வைப்பார். வேலைக்கு எது பொருந்தும் என்ற கேள்வி எழுவதற்குள் அட்டவணைக் கூறு திரையில் வந்து உட்கார்ந்துவிடும்.

சரி, டெஸ்டர் என்ற முறையில் நான் பார்க்கும் ஒரு விஷயத்தை யாரும் இன்னும் தொடவில்லை. திரை என்பது ஒரு படம் இல்லை. இருப்புத் தேடும் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். தேடாமல் வெறுமனே திறந்தபோது எப்படி இருக்கும்? தேடி ஒன்றுமே கிடைக்காதபோது? ஒரே ஒரு பொருள் கிடைத்தால் பட்டியலைக் காட்டுவதா, நேராக விவரத்துக்குப் போவதா? ஆயிரக்கணக்கில் கிடைத்தால்? பொருளின் பெயர் இரண்டு வரி ஓடினால்? கிடங்கின் மூலையில் நெட்வொர்க் இல்லாமல் பாதியில் நின்றால்? பார்க்க அனுமதி இருந்து மாற்ற அனுமதி இல்லாதவர் திறந்தால்? இவை எல்லாமே ஒரே திரை. பெரும்பாலான மாதிரிகளில் இவற்றில் ஒன்றுதான் வரையப்பட்டிருக்கும். எல்லாம் சரியாக நடந்து, அழகாக ஐந்து வரி கிடைத்த நிலை. மற்றவை டெவலப்பரின் கடைசி நேர ஊகமாகி, பிறகு என்னிடம் பிழையாக வந்து சேரும்.

அதனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். ஒரு திரையை வரைந்து, அதை ஏழெட்டு நிலைக்கு நகலெடுத்து, பிறகு மேலே உள்ள தலைப்புப் பட்டையை மாற்றிப் பாருங்கள். எல்லா நகலிலும் தானாக மாறினால் அந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாம். பால்சாமிக்கில் இதற்குப் பெயர் சிம்பல், ஃபிக்மாவிலும் பென்பாட்டிலும் காம்பொனென்ட். இது இல்லாத கருவியில் யாரும் பிழை நிலைகளை வரைய மாட்டார்கள். சோம்பல் என்று அவர்களைச் சொல்ல முடியாது, வேலை அவ்வளவு அலுப்பாக இருக்கும்.

மாதிரியில் "பொருள் 1, பொருள் 2" என்று நிரப்பாதீர்கள். வாடிக்கையாளரிடம் நிஜப் பொருள் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள், மிக நீளமானது எது என்று தனியாகக் கேளுங்கள். திரை தமிழிலும் வரும் என்றால் முதல் நாளே தமிழில் நிரப்புங்கள். ஆங்கிலத்தில் நாலெழுத்துக்கு அளவெடுத்த பட்டனில் நம் சொல் அடங்காது. இந்தக் கருவிகளோடு வரும் கையெழுத்துப் பாணி எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இருப்பதும் அரிது. சிஸ்டத்தின் சாதாரண எழுத்துரு அந்த இடத்தில் வந்து நிற்கும். பார்க்கக் கொஞ்சம் ஒட்டாமல் இருந்தாலும் அகலம் தெரியும், அதுதான் தேவை.


கட்டற்றவன் எழுதியது:

வெளி சர்வர் கூடாது, லினக்ஸ் வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையையும் வைத்து வடிகட்டலாம். ஸ்கெட்ச் மேக் கணினிக்கு மட்டும், போய்விட்டது. ஃபிக்மாவின் கோப்பு அவர்கள் சர்வரில்தான் இருக்கும், ஒரு நகலை இறக்கி வைத்தாலும் திருத்த மறுபடி அங்கேதான் ஏற்ற வேண்டும். எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் உங்கள் வாடிக்கையாளரின் எழுத்துக்கு முன் நிற்காது.

மிச்சம் இருப்பவை:

எக்ஸ்காலிட்ரா. எம்ஐடி என்ற கட்டற்ற உரிமம், 2020-இல் வந்தது. கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, திறந்தவுடன் வரையலாம். பொதுத் தளத்தில் வரைந்தால்கூட, நீங்களாகப் பகிராத வரை படம் உங்கள் பிரவுசருக்குள்தான் இருக்கும். வாடிக்கையாளர் கண்டிப்பானவர் என்றால் அதையே உங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். கோப்பு வெறும் ஜேசன், எழுத்தாகவே திறந்து படிக்கக்கூடிய வடிவம். எனக்கு மிகவும் பிடித்த வசதி: பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்யும்போது வரைபடத்தையும் அதற்குள்ளேயே பொதிந்து வைக்கலாம். ஆவணத்தில் ஒட்டிய அந்தப் படத்தை எடுத்துத் திரும்பத் திறந்தால் பெட்டிகளும் எழுத்தும் திருத்தும் நிலையில் வந்து நிற்கும். மூலக்கோப்பு எங்கே என்று தேட வேண்டியதில்லை. குறை, சோதனைக்கண் சொன்ன காம்பொனென்ட் இதில் இல்லை. கிளிக் செய்து திரை மாறும் மாதிரியும் செய்ய முடியாது.

பென்சில். முதலில் ஃபயர்பாக்ஸ் நீட்சியாக இருந்து பிறகு எலக்ட்ரான் வழியாகத் தனிச் செயலியாக மாறிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். கையால் வரைந்தது போன்ற ஆயத்த வடிவங்களும் (ஸ்டென்சில்) உண்டு. ஒரு பட்டனை இன்னொரு பக்கத்தோடு இணைத்து, மொத்தத்தையும் வலைப்பக்கமாக ஏற்றுமதி செய்தால் இணைப்புகள் வேலை செய்யும். அதை ஜிப் செய்து அனுப்பினால் எதிரில் இருப்பவருக்குப் பிரவுசர் மட்டும் போதும். புதிய பதிப்புகள் மெதுவாகத்தான் வரும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

டிரா.ஐஓ. பாய்வுப்படத்துக்குத்தான் பெயர் பெற்றது, ஆனால் மாக்கப் வடிவங்கள் கொண்ட தொகுப்பும் உள்ளே இருக்கிறது. டெஸ்க்டாப் பதிப்பு மூன்று இயங்குதளத்திலும் ஓடும்.

பென்பாட். உங்களுக்கு நான் கைகாட்டுவது இதை. மொசில்லா பொது உரிமத்தில் வருகிறது, டாக்கர் (மென்பொருளைப் பொட்டலமாக நிறுவும் கருவி) தெரிந்த ஒருவர் உங்கள் சர்வரில் நிறுவிவிடலாம். பிரவுசரில் ஓடுவதால் லினக்ஸ், விண்டோஸ் சண்டை இல்லை. காம்பொனென்ட், கிளிக் மாதிரி, கருத்துப் பதிவு எல்லாம் உண்டு. அடித்தளம் எஸ்விஜி என்ற திறந்த பட வடிவம். 2024-இல் வந்த 2.0 பதிப்பில் கட்டங்களாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டும் சேர்ந்தது. டெவலப்பருக்குப் பழகிய பெயர்களே கருவியிலும் இருப்பதால் உங்கள் ஆட்களுக்கு வசதியாக இருக்கும்.

கோப்பு வடிவத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2009-இல் எக்ஸ்பிரஷன் பிளெண்டோடு ஸ்கெட்ச்ஃபுளோ கொண்டுவந்தது, சில ஆண்டுகளில் அந்த வரிசையே நின்றது. இன்விஷன் ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த பெயர், 2024 முடிவோடு சேவையை மூடினார்கள். அடோபி எக்ஸ்டியும் புதிய வசதி எதுவும் இல்லாமல் பராமரிப்பு நிலைக்குப் போய்விட்டது. உங்கள் கிடங்கு மென்பொருள் பத்து வருடம் ஓடும். எட்டாவது வருடத்தில் ஒப்புதல் திரையை மாற்ற வரும் ஒருவர் பழைய மாதிரியைத் திறக்க முடிய வேண்டும். ஜேசன், எஸ்விஜி, எக்ஸ்எம்எல் என்றால் குறைந்தபட்சம் உள்ளே எட்டிப் பார்க்கலாம். பால்சாமிக்கையும் இந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன், அதன் பிஎம்பிஆர் கோப்பு உள்ளுக்குள் ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளம்தான்.


வண்ணக்கலவை எழுதியது:

ஃபிக்மாவை இவ்வளவு சுருக்கமாக ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை. புதுத்திரையின் நிபந்தனைக்கு அது ஒத்துவராது, சரி. ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு அந்த நிபந்தனை இருக்காதே.

2016-இல் பொதுவில் வந்ததிலிருந்து அது மாற்றியது வரைவதை அல்ல, சேர்ந்து வரைவதை. நாலு பேர் ஒரே திரையில் ஒரே நேரத்தில் நிற்கலாம், ஒருவர் வரைவதை மற்றவர் பார்த்தபடியே பேசலாம். ஆட்டோ லேஅவுட் இருப்பதால் சொல் நீண்டால் பட்டன் நீளும், வரிசையில் ஒன்றை எடுத்தால் மற்றவை நெருங்கி வரும். சோதனைக்கண் கேட்ட "பெயர் இரண்டு வரி ஓடினால்" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் தெரிந்துவிடும். கரடுமுரடாக வேண்டுமென்றால் சாம்பல் நிற வயர்பிரேம் (வெறும் கோட்டு மாதிரி) தொகுப்புகள் நிறையக் கிடைக்கின்றன. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் இது தெரிந்தவர்கள்தான் அதிகம் வருவார்கள். இதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?


வரைபலகை எழுதியது:

எடுக்க வேண்டும். டிசைனர் இருக்கும் குழுவில் நானும் ஃபிக்மாவைத்தான் சொல்வேன். டிசைனர் இல்லாத குழுவில் எனக்குள்ள தயக்கம் வேறு. அந்தக் கருவியில் எல்லாம் முடியும் என்பதால் எல்லாவற்றையும் செய்யத் தோன்றும். சாம்பல் தொகுப்பை வைத்துத் தொடங்கியவர் பத்து நிமிடத்தில் மூலை வளைவை எட்டா பன்னிரண்டா என்று மாற்றிக்கொண்டிருப்பார். கட்டுப்பாடு உள்ளவர் கையில் பிரச்சினை இல்லை. புதியவர் கையில் கருவியே அந்தக் கட்டுப்பாட்டைத் தருவது நல்லது.

ஆக்ஷூரைப் பற்றியும் ஒரு வார்த்தை, பட்டியலில் கேட்டிருந்தார். நிபந்தனை, மாறிகள், "இந்தத் தொகைக்கு மேல் போனால் இரண்டாவது ஒப்புதல்" போன்ற தர்க்கத்தை மாதிரியிலேயே ஓட்டிக் காட்ட அதுதான் கெட்டி. கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும். ஆனால் அந்த அளவு தர்க்கத்தை உங்கள் டெவலப்பர்களே எச்டிஎம்எல்லில் எழுதிவிடுவார்கள். நிரல்வழி சொன்ன வழிக்கு உங்கள் வேலையில் சரியான இடம் அதுதான், ஒப்புதல் பாதை மட்டும்.


அணுகல்வழி எழுதியது:

கரடுமுரடான மாதிரி ஒரு விஷயத்தை மறைத்துவிடும்: அளவு. பெரிய மானிட்டரில் பெரிதாக்கி வரையும்போது எல்லாப் பட்டனும் தாராளமாகத் தெரியும். வலைப்பக்கம் எல்லோரும் பயன்படுத்தும்படி இருப்பதற்கான டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டியின் இரண்டாம் நிலை, அதாவது ஏஏ, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் இருக்கச் சொல்கிறது. ஆப்பிள் 44 பாயிண்ட் என்கிறது, கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு வழிகாட்டி 48 டிபி என்கிறது. கிடங்கில் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறவர்களும் இருப்பார்கள், நடந்துகொண்டே தொடுகிறவர்களும் இருப்பார்கள். பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. எந்தக் கருவியானாலும், முதல் திரையை வரைவதற்கு முன் நிஜக் கைபேசியின் சிஎஸ்எஸ் அகலத்தில் சட்டத்தை, அதாவது திரையின் எல்லைக் கட்டத்தை, அமையுங்கள். 360 என்று வைத்துத் தொடங்கினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குப் பொருந்தும். பிறகு படத்தைக் கைபேசிக்கே அனுப்பித் திறந்து, பட்டன் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பட்டனையும் விரல் மறைத்தால் இடம் போதவில்லை.

நிறம் பிறகு என்றாலும் ஒன்றை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். "குறைவான இருப்பு" என்பதைச் சிவப்பால் மட்டும் காட்டும் திரை, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கு ஒன்றும் சொல்லாது. நிறமே இல்லாத மாதிரியில் வரைந்தால் இந்தப் பிரச்சினை முன்னாலேயே பிடிபடும், ஏனென்றால் நீங்கள் ஒரு சொல்லையோ குறியையோ வைத்துத்தான் ஆக வேண்டும்.


நிரல்வழி எழுதியது:

வரைபலகை சொன்னதை ஏற்கிறேன், ஒப்புதல் பாதைக்கு மட்டும் நிரல் என்பது நல்ல எல்லை. டெவலப்பர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். எழுத்தை வரைபடமாக்கும் பிளான்ட்யூஎம்எல் கருவியில் சால்ட் என்ற பகுதி இருக்கிறது. எழுத்தாலேயே பெட்டி, பட்டன், அட்டவணை எல்லாம் எழுதினால் படமாக வரும். தோற்றம் சுமார்தான், கிடங்கு ஊழியருக்குக் காட்டாதீர்கள். டிக்கெட்டில் (வேலைக் குறிப்பில்) "இந்தப் புலம் இங்கே வர வேண்டும்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ள அருமையானது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று கிட் காட்டிவிடும்.


வண்ணக்கலவை எழுதியது:

ஒரு வாக்கியம் எழுதினால் திரையை வரைந்து தரும் ஏஐ கருவிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே? டிஎல்டிரா என்ற வரையும் தளத்தில் கிறுக்கியதை ஓடும் பக்கமாக மாற்றிக் காட்டியது 2023-லேயே வந்துவிட்டது. இப்போது இன்னும் எளிதாகிவிட்டது.


சோதனைக்கண் எழுதியது:

பார்த்திருக்கிறேன். வேகம் உண்மைதான். என் தயக்கம், அது தருவது முதல் நொடியிலேயே முடிந்த படமாக வருகிறது. எந்தப் புலம் முதலில், எது கட்டாயம், எதை விட்டுவிடலாம் என்ற தீர்மானமெல்லாம் யாரும் கேட்காமலே எடுக்கப்பட்டிருக்கும். பார்க்க நன்றாக இருப்பதால் குழுவும் கேட்காது. பில்லில் பல பொருள் வரும் என்பதை அந்தக் கருவி எங்கிருந்து தெரிந்துகொள்ளும்? காகிதச் சோதனை முடிந்து, என்ன வேண்டும் என்று தெளிவான பிறகு, அதை எச்டிஎம்எல் ஆக்க வைத்துக்கொள்ளலாம். அதற்கும் புதுத்திரையின் வாடிக்கையாளர் சம்மதம் வேண்டும், படம் வெளியே போகிறதே.


புதுத்திரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இப்படிச் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம்: சரக்குப் பதிவு, இடமாற்றம், தேடல் மூன்றையும் முதலில் காகிதத்தில் வைத்துக் கிடங்கு ஊழியர்களோடு ஓட்டிப் பார்ப்போம். எங்களுக்குள் யோசிக்க எக்ஸ்காலிட்ரா. கிளிக் மாதிரிக்குப் பென்பாட், அதை எங்கள் சர்வரில் லினக்ஸ்காரர் நிறுவுகிறார். ஒப்புதல் பாதை எச்டிஎம்எல்லில். டெஸ்டர் ஒவ்வொரு திரைக்கும் நிலைகளின் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டார், தேடல் திரைக்கு மட்டும் இங்கே சொன்னதைவிட இரண்டு கூடுதலாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

ஒரு கேள்வி பாக்கி. மாதிரி பென்பாட்டில், தேவைகள் ஆவணத்தில், வேலை டிக்கெட்டில் என்று மூன்று இடத்தில் இருக்கப் போகிறது. மாதிரி மாறிய பிறகு பழைய படத்தைப் பார்த்து யாராவது நிரல் எழுதிவிட்டால்? இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


கட்டற்றவன் எழுதியது:

திரைக்கு ஒரு குறியீடு, நிலைக்கு ஒரு எண். தேடல் திரை "தே", வெறுமையான நிலை "தே-1", கிடைக்காத நிலை "தே-2" என்று வையுங்கள். பென்பாட்டில் சட்டத்தின் பெயரும் அதுவே, டிக்கெட்டின் தலைப்பிலும் அதுவே. டிக்கெட்டில் படத்தை ஒட்டாதீர்கள், பென்பாட் சட்டத்தின் இணைப்பை மட்டும் கொடுங்கள். அப்போது பார்ப்பவருக்கு எப்போதும் கடைசியாக மாற்றியதுதான் தெரியும்.

வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட அன்று மட்டும் மொத்தத்தையும் பிடிஎஃப் ஆக எடுத்து, தேதியைப் பெயரில் போட்டு, கிட்டில் சேர்த்துவிடுங்கள். எதற்குச் சம்மதம் வாங்கினோம் என்ற பேச்சு வந்தால் அது போதும்.


வரைபலகை எழுதியது:

அதோடு ஒன்று. நிரல் எழுதி முடித்த திரையின் மாதிரியைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். சட்டத்தின் தலைப்பில் "கட்டி முடிந்தது" என்று போட்டு, தனிப் பக்கத்துக்கு நகர்த்திவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தத் திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓடும் மென்பொருளைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அதில் பெரிய மாற்றம் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதன் மேலேயே எக்ஸ்காலிட்ராவில் கிறுக்கி எல்லோரிடமும் காட்டுங்கள். முதலிலிருந்து வரைய வேண்டிய அவசியம் இருக்காது.